கர்ப்பிணிக்கு இசை சிகிச்சை: பிள்ளைக்கு அல்ல, தாய்க்கு

மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த மறுநாளே குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. கர்ப்பிணிகள் கேட்க வேண்டிய ராகங்கள், மாதத்துக்கு ஒன்று, கேட்டால் பிள்ளை கெட்டிக்காரனாகப் பிறக்கும் என்ற உறுதிமொழியோடு. பட்டியலின் அடியில் அபிமன்யு கதையும் தவறாமல் இருக்கும். சக்கர வியூகத்துக்குள் நுழையும் வித்தையை அவன் வயிற்றில் இருந்தபடியே கேட்டானாம். வெளியே வரும் வழியைச் சொல்லும் நேரத்தில் சுபத்திரை தூங்கிப்போனாளாம். பாதியில் நின்ற அந்தப் பாடத்துக்காக இன்றுவரை சுபத்திரையைத்தான் குறை சொல்கிறோம். வயிற்றுப் பிள்ளைக்காரி கொஞ்சம் கண்ணயர்ந்தது நல்லதுதானே என்று ஒருவரும் கேட்டதில்லை.

நான் சுபத்திரையின் பக்கம். கர்ப்ப கால இசை பற்றி நம்மிடையே புழங்கும் பேச்செல்லாம் பிள்ளையைப் பற்றியதாகவே இருக்கிறது. பாட்டு தன் வழியாக உள்ளே போவதற்கு இடம் கொடுப்பதுதான் தாயின் வேலை என்பதுபோல் பேசுகிறார்கள். மருத்துவமனைகளில் இசை சிகிச்சை என்று அழைக்கப்படுவது இதற்கு நேர்மாறானது. பயத்திலும் கவலையிலும் தூக்கமின்மையிலும் தவிக்கும் ஒரு பெண்ணோடு, பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்து, இசையைத் துணையாகக் கொண்டு செய்யும் உதவி அது. பிள்ளைக்கு நன்மை வந்தால் அது தாய் தேறுவதால் வருவது.

இந்தத் தவிப்பு அரிதானதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கர்ப்பிணிகளில் சுமார் 10 விழுக்காட்டினருக்கும், அண்மையில் பிள்ளை பெற்றவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது. பெரும்பாலும் அது மனச்சோர்வு. வளரும் நாடுகளில் இது கர்ப்ப காலத்தில் 15.6 விழுக்காடாகவும் பேறுகாலத்துக்குப் பின் 19.8 விழுக்காடாகவும் உயர்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை நாளன்று முப்பது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், அவர்களில் நான்கைந்து பேர் என்று வைத்துக்கொள்ளலாம். எடை பார்க்கிறார்கள், இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். இரவில் தூக்கம் வருகிறதா என்று கேட்கத்தான் நேரம் இருப்பதில்லை.

காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். முன்பு ஒரு கரு கலைந்திருக்கும். ஸ்கேன் எடுத்தவர் ஒரு நிமிடம் பேசாமல் திரையையே பார்த்திருப்பார். "இந்தத் தடவையாவது பையனாக இருக்கட்டும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கணவர் துபாயில் இருப்பார். கடலூர், புதுச்சேரிக் கரையோர ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வருமானத்தை நம்பியிருக்கும் வீட்டில் நிறைமாதமும் அதே மாதங்களில் வந்து சேர்ந்தால் அங்கே என்ன பேச்சு நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதையடுத்து தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்தது. தண்ணீர் புகுந்த வீடுகளில் பிள்ளைத்தாய்ச்சிகளும் இருந்தார்கள்.

இத்தனையையும் "மாசமாக இருந்தால் அப்படித்தான்" என்ற ஒரே பேச்சில் மூடிவிடுகிறோம். இதைவிட மோசமானது, "நீ அழுதால் பிள்ளையைப் பாதிக்கும்" என்று பயமுறுத்துவது. ஏற்கெனவே அழுதுகொண்டிருப்பவளுக்கு, அழுததற்காகவும் ஒரு குற்றவுணர்வு சேர்ந்துகொள்கிறது.

கேட்பது வேறு, சிகிச்சை வேறு

படுக்கையில் சாய்ந்து பிடித்த பாட்டைக் கேட்பது நல்ல பழக்கம். மருத்துவமனையில் செவிலியர் ஒருவர் பதிவுசெய்த இசையைப் போட்டுவிட்டுப் போவதும் பயன் தரலாம். இவற்றில் இசை மட்டும் இருக்கிறது. சிகிச்சை என்று சொல்ல வேண்டுமானால் இன்னும் மூன்று வேண்டும்: பயிற்சி பெற்ற ஒரு சிகிச்சையாளர், அவருக்கும் இந்தப் பெண்ணுக்கும் இடையே வளரும் நம்பிக்கை, எதை நோக்கிப் போகிறோம் என்ற தெளிவு. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பிய வீரர்களுக்கு மருத்துவமனைகளில் இசைக் கலைஞர்கள் வாசிக்கத் தொடங்கிய காலத்தில்தான், நல்ல வாசிப்பு மட்டும் போதாது, நோயாளியைப் புரிந்துகொள்ளவும் படிக்க வேண்டும் என்பது உறைத்தது. 1944-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் இதற்கென்றே பல்கலைக்கழகப் படிப்பு தொடங்கியது.

என்ன நடக்கும் என்பதைக் கற்பனையாக ஒரு பெண்ணை வைத்துப் பார்ப்போம். கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரர், இருபத்தாறு வயது, ஏழாம் மாதம். போன தடவை ஆறாம் மாதத்தில் பிள்ளை தங்கவில்லை. இப்போது பிள்ளை அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம். மகப்பேறு மருத்துவர் சொல்லி அனுப்பியதால் வந்திருக்கிறார்.

முதல் நாளில் பெரும்பாலும் இசையே இருக்காது. பேச்சுதான். "வேலை செய்யும்போது வாயில் தானாக வருகிற பாட்டு எதும்மா?" என்று சிகிச்சையாளர் கேட்பார். "எனக்குப் பாட்டெல்லாம் தெரியாதுங்க" என்பதே அநேகமாக எல்லாரும் சொல்லும் பதில். பாடத் தெரிய வேண்டியதில்லை, சுருதி சேர வேண்டியதில்லை என்று புரியவைப்பதற்கே சற்று நேரம் பிடிக்கும். பிறகு சிறுவயதில் வீட்டில் என்ன ஒலித்தது, கோயில் திருவிழாவா, மாதா கோயில் பாட்டா, அப்பாவின் ரேடியோவா என்று பேச்சு நீளும். நடுவே ஒரு முக்கியமான கேள்வி வரும்: "கேட்கவே கூடாது என்று நினைக்கிற பாட்டு ஏதாவது இருக்கிறதா?" நம் கற்பனைப் பெண் சற்று யோசித்துவிட்டுச் சொல்கிறார்: "போன தடவை வளைகாப்பில் நலங்கு வைக்கும்போது அத்தை ஒரு பாட்டுப் பாடினார்கள். அதை மட்டும் வேண்டாம்." எந்த ராகப் பட்டியலுக்கும் இது தெரிய வழியில்லை. கர்ப்பிணிகளுக்கு ஏற்றது என்று யாரோ தொகுத்த பாடல்களில் அந்த நலங்குப் பாட்டும் இருந்தால், அது அவருக்கு மருந்தாகாது, ரணமாகிவிடும்.

அடுத்த சந்திப்பில் இசை வருகிறது. படபடப்போடு வந்திருக்கும் ஒருவருக்கு எடுத்த எடுப்பிலேயே மெல்லிய வீணையைப் போட்டால் எரிச்சல்தான் வரும். அவர் இருக்கும் நிலைக்குப் பொருந்தும் வேகத்தில் தொடங்கி, படிப்படியாக வேகத்தையும் ஒலியையும் தணித்து, அவரையும் உடன் அழைத்துவர வேண்டும். 1940களில் ஈரா ஆல்ட்ஷுலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வகுத்துச் சொன்ன வழி இது. இன்றும் இசை சிகிச்சையாளர்கள் முதலில் கற்கும் பாடங்களில் ஒன்று. நம் பெண்ணின் விஷயத்தில் அது ஒரு சிறு தோல்கருவியில் அவர் கையாலேயே தட்டும் வேகமான தாளமாக இருக்கலாம். சிகிச்சையாளர் கூடவே தட்டுவார், மெல்லத் தளர்த்துவார், அவருடைய கையும் தன்னையறியாமல் தளரும். பிறகு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார். கடைசி மாதங்களில் மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய இரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரக்கூடும் என்பதால் இது. வாயை மூடிக்கொண்டு "ம்ம்" என்று ஒரே சுருதியில் முனகுவது இன்னொரு பயிற்சி. முனகும்போது மூச்சு தானாகவே நீளமாக வெளியேறும். மூச்சை மெதுவாக விடுங்கள் என்று பத்துத் தடவை சொன்னாலும் வராதது இதில் எளிதாக வந்துவிடுகிறது.

இசை முடிந்ததும் எழுந்து போய்விடுவதில்லை. "நடுவில் கண் கலங்கியதே, அப்போது என்ன நினைவு வந்தது?" என்று கேட்கப்படும். சிலர் பேசுவார்கள், சிலர் பேசமாட்டார்கள். பேசாதவர்களைத் துருவக் கூடாது என்பதும் பயிற்சியில் அடங்கும்.

சில சந்திப்புகளுக்குப் பிறகு பாட்டுக் கட்டுவது வரலாம். வரப்போகும் பிள்ளைக்கு ஒரு தாலாட்டு. இந்த இடத்தில் தமிழ்ப் பெண்களுக்குப் பெரிய முதுசொம் ஒன்று இருக்கிறது. நம் நாட்டுப்புறத் தாலாட்டைக் கூர்ந்து கேட்டால், பாதி பிள்ளைக்கும் மீதி வீட்டாருக்கும் என்பது தெரியும். உன்னை அடித்தது யார், அத்தையா, மாமனா என்று பிள்ளையிடம் கேட்பதுபோல் தன் மனத்தாங்கலைச் சொல்வது, தாய்மாமன் கொண்டுவரும் சீரைப் பாடுவதுபோல் பிறந்த வீட்டின் பெருமையைப் புகுந்த வீட்டார் காதில் போடுவது, பிள்ளைக்காகக் கிடந்த தவத்தையும் சுற்றிய கோயில்களையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வது. நேராகச் சொன்னால் சண்டையாகும் சொற்களைத் தொட்டிலைப் பார்த்துச் சொல்ல ஓர் ஏற்பாடு அது. பேறுகாலத்துக்கு முன்பே அந்த ஏற்பாட்டைத் திறந்துவிடுவதைத்தான் சிகிச்சையாளர் செய்கிறார். இழந்த பிள்ளையைப் பற்றி வீட்டில் யாரும் பேச விடாதபோது, புதிய தாலாட்டின் ஓர் அடியில் அந்தப் பிள்ளைக்கும் இடம் கிடைக்கலாம். நியூயார்க்கில் கார்னகி ஹால் 2011 முதல் நடத்திவரும் தாலாட்டுத் திட்டம் ஒன்றில், கர்ப்பிணிகளும் இளம் தாய்மார்களும் இசைக் கலைஞர்களோடு அமர்ந்து தங்கள் பிள்ளைகளுக்கான பாட்டைத் தாங்களே எழுதுகிறார்கள். நம் பாட்டிமார் இதைக் கேட்டால் வியக்க மாட்டார்கள்.

இது ஏன் வேலை செய்கிறது? மூச்சு நீள்கிறது, இதயத்துடிப்பு தணிகிறது, கவலையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த கவனத்துக்கு வேறு பற்றுக்கோடு கிடைக்கிறது, சொல்லாக வராத நினைவு மெட்டோடு சேர்ந்து வெளியே வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மணி நேரம் ஒருவர் குறுக்கே பேசாமல் இவர் சொல்வதைக் கேட்கிறார். ஆய்வுகளில் இந்தக் கடைசிக் காரணத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து அளப்பது கடினம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

தைவானின் காவ்சியுங் நகரில் 236 கர்ப்பிணிகளை வைத்து நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். 116 பேருக்கு இசைக் குறுந்தகடுகளைக் கொடுத்து, இரண்டு வாரம் தினமும் அரை மணி நேரம் வீட்டில் கேட்கச் சொன்னார்கள். தாலாட்டு, மேற்கத்தியச் செவ்வியல் இசை, இயற்கை ஒலிகள், சீனச் சிறுவர் பாடல்கள் எனப் பலவகை இருந்தன. நிமிடத்துக்கு 60 முதல் 80 துடிப்பு வேகத்தில் அமைந்தவை. மற்ற 120 பேருக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். இசை கேட்டவர்களிடம் மன அழுத்தம், பதற்றம், மனச்சோர்வு மூன்றும் குறைந்திருந்தன. நல்ல செய்திதான். ஆனால் மேலே சொன்ன பிரிவினைப்படி இது இசை கேட்டதே தவிர, சிகிச்சையாளரோடு அமர்ந்ததல்ல. இரண்டு வாரம்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்று பேறுகாலத்துக்குப் பிந்தியது. 2018-இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில், மனச்சோர்வின் அறிகுறிகள் கொண்ட 134 தாய்மார்களைச் சேர்ந்து பாடும் குழு, சேர்ந்து விளையாடும் குழு, வழக்கமான பராமரிப்பு என மூன்றாகப் பிரித்துப் பத்து வாரம் கவனித்தார்கள். சோர்வு சற்றுக் கடுமையாக இருந்தவர்களில், பாடும் குழுவினர் மற்றவர்களைவிட விரைவாகத் தேறினார்கள். பத்து வாரத்தின் இறுதியில் மற்றவர்களும் தேறிவந்தார்கள்; பாடியவர்களுக்கு அது முன்கூட்டியே கிடைத்தது. கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு ஒரு மாதம் முன்னதாகத் தேறுவது சிறிய விஷயமில்லை. விளையாட்டுக் குழுவிலும் கூடிப் பேச ஆட்கள் இருந்தார்கள் என்பதால், பாடுவதற்கென்றே ஏதோ ஒரு பலன் இருக்கிறது என்று எண்ண இடமிருக்கிறது.

மொத்தத்தில் இந்தத் துறையின் ஆய்வுகள் பல சிறியவை, முறையும் ஒன்றுக்கொன்று மாறுபட்டது. பதற்றம் தணிய உதவுகிறது என்று நம்பிச் சொல்லலாம். நோயை இசையே குணமாக்கும் என்று சொல்பவரிடமிருந்து சற்றுத் தள்ளி நிற்பது நல்லது.

பிள்ளையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சுமார் 24, 25 வாரங்களில் கரு ஒலிக்கு அசைந்து காட்டத் தொடங்குகிறது. தாழ்ந்த ஒலிகள் உள்ளே நன்றாகப் போகும், கீச்சொலிகள் வடிந்துவிடும். எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் கேட்பது தாயின் குரல்; அது காற்றின் வழியாக மட்டுமல்லாமல் அவள் உடம்பின் வழியாகவும் போகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் பிற பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே நாடியதை 1980-இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆகவே வயிற்றின் மேல் ஹெட்ஃபோனை வைத்து அழுத்துவதில் பொருளில்லை. சத்தம் மிகுந்தால் கெடுதலும் கூட. மோட்சார்ட் கேட்டால் அறிவு வளரும் என்ற கதையின் தொடக்கம் 1993-இல் வந்த ஒரு சிறிய ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். ஒரேயொரு வகைப் புதிரில் சிறு முன்னேற்றம், அதுவும் கால் மணி நேரத்துக்கு மட்டும். கர்ப்பிணியும் அதில் இல்லை, குழந்தையும் இல்லை.

ராகத்துக்கு வருவோம். நீலாம்பரி தாலாட்டுக்கு உரியது என்பது நம் இசை மரபு சொல்வது, கேட்டவர்களுக்கு அதன் சுகமும் தெரியும். இந்த நோய்க்கு இந்த ராகம் என்ற அட்டவணைக்குத்தான் உறுதியான சான்று கிடையாது. இன்னொரு சங்கடமும் இதில் உண்டு. கர்ப்பிணிக்கு நல்ல இசை என்றாலே வீணையும் புல்லாங்குழலும் என்று முடிவுகட்டிவிடுகிறோம். கர்நாடக இசையே கேட்டு வளராத பெண்ணுக்கு அது அந்நிய வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும். அவளுக்கு ஆறுதல் தருவது மாரியம்மன் தாலாட்டாகவோ, தேவாலயப் பாட்டாகவோ, நாகூர் ஹனிபா குரலாகவோ, எண்பதுகளின் சினிமாப் பாட்டாகவோ இருக்கலாம். எல்லாம் சிகிச்சைக்கு ஆகும். சோகப் பாட்டுக் கேட்கவே கூடாது என்ற வீட்டுக் கட்டளையும் அப்படியே ஏற்க வேண்டியதல்ல. அழுது முடித்ததும் மனம் லேசானால் அந்தப் பாட்டு துணை. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு இன்னும் ஆழத்துக்குப் போவதாகத் தோன்றினால் நிறுத்திவிட்டு யாரிடமாவது பேச வேண்டும்.

இசை எங்கே போதாது

பாடி முடிக்கிற துயரமும் உண்டு, பாட்டால் தீராததும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, சாப்பாடும் தூக்கமும் கெடுவது, பிள்ளையைப் பற்றிய எண்ணமே வெறுப்பாக இருப்பது ஆகியவை மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறிகள். எடின்பரோ அளவுகோல் என்று ஒரு பத்துக் கேள்வித் தாள் இருக்கிறது. 1987-இல் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்காக உருவாக்கப்பட்டது, இப்போது கர்ப்ப காலத்திலும் பயன்படுகிறது, தமிழிலும் இருக்கிறது. நிரப்ப ஐந்து நிமிடம் போதும். அதன் பத்தாவது கேள்வி தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "இல்லை" என்பதைத் தவிர வேறெந்த விடை வந்தாலும் அன்றே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சோர்வுக்கு இரத்தசோகையும் தைராய்டு குறைவும்கூடக் காரணமாக இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும். மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர் கர்ப்பம் என்று தெரிந்ததும், இனி இசையே போதும் என்று தானாக நிறுத்திவிடக் கூடாது. அதை மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. அவளை அமைதிப்படுத்தத் தாலாட்டு சொல்லிக்கொடுப்பது சிகிச்சையல்ல, அடிப்பவனுக்குச் செய்யும் உபகாரம். பெண்களுக்கான உதவி எண் 181.

புதுச்சேரி, கடலூர் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. புதுச்சேரியிலிருந்து கடலூர் பஸ்ஸில் ஏறினால் அரியாங்குப்பத்தில் இசையும் நடனமும் கற்பிக்கும் பாரதியார் பல்கலைக்கூடம் வரும். அதே சாலையில் பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி. ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தைச் சேர்ந்த அந்த வளாகத்தில் இசை சிகிச்சைக்கென்றே கல்வி, ஆராய்ச்சி மையம் ஒன்று இயங்குகிறது. மருத்துவமனைக்குள்ளேயே இப்படி ஒரு மையம் இருப்பது இந்தியாவில் அபூர்வம். தனியாக நடத்துபவர்களிடம் போவதானால், எங்கே பயிற்சி பெற்றார், கர்ப்பிணிகளோடு வேலை செய்திருக்கிறாரா, மகப்பேறு மருத்துவரோடு தொடர்பு வைத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே உங்களைப் பற்றி எதுவும் கேட்காமல் ராகத்தின் பெயரைச் சொல்பவரானால் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம்.

அரசு முயன்றால் இதற்குப் புதிதாகக் கட்டடம் தேவையில்லை என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் அங்கன்வாடிகள் வழியாகச் சமுதாய வளைகாப்பு நடக்கிறது. வளையலும் சீர்வரிசையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் அந்த நாளில், கர்ப்பிணிகள் வட்டமாக உட்கார்ந்து பாட ஒரு மணி நேரமும், அந்தப் பத்துக் கேள்வித் தாளை நிரப்ப ஒரு மூலையும் ஒதுக்கினால் போதும்.

வீட்டிலேயே தொடங்க விரும்புகிறவர்கள் தாங்களே தேர்ந்த நாலைந்து பாட்டுகளோடு தொடங்கலாம். பேசும் குரல் அளவுக்கு மேல் சத்தம் வேண்டாம். முனகலாம், வாய்விட்டுப் பாடலாம், வேண்டாம் என்று தோன்றும் நாளில் விட்டுவிடலாம். இதையும் ஒரு கடமையாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்த பரிசோதனையில் மருத்துவரோ கிராம சுகாதார செவிலியரோ கேட்காவிட்டாலும், "தூக்கமில்லை, பயமாக இருக்கிறது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதுவரை காத்திருக்க முடியாத இரவானால், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் எடுக்கிறார்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.